சினிமா பரீட்சையா? லோகோவைப் பாருங்க!

'படம் பார்ப்பதுதான் பாடமா? கொடுத்து வைத்த பிள்ளைகள்!' என்று தோன்றும். பிரிட்டனில் ஏ-லெவல் மாணவர்கள் சினிமாவையும் பாடமாக எடுத்துப் படிக்கலாம். ஆனால், 'ஒரு பிரிட்டிஷ் தயாரிப்பு நிறுவனம் எப்படி இயங்குகிறது?' என்று கேள்வி வந்தால், கதைச் சுருக்கம் எழுதி மார்க் வாங்க முடியாது. பணம் யாருடையது, தியேட்டருக்குக் கொண்டுபோனது யார், பார்த்தது யார்? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம், டிம் பெவனும் சாரா ராட்கிளிஃபும் 1983-ல் தொடங்கிய 'வொர்க்கிங் டைட்டில்'. இதன் படப் பட்டியல் மிக நீளம். அத்தனையையும் உருப்போட வேண்டாம். மூன்று படங்கள் போதும்.

மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட் (1985): சேனல் 4 டி.வி-க்காக, குறைந்த செலவில் 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்தது. எடின்பரோ திரைப்பட விழாவில் கிடைத்த வரவேற்பால் தியேட்டருக்கு வந்தது.

ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃபியூனரல் (1994): இதற்குள் எரிக் ஃபெல்னர் கம்பெனிக்கு வந்துவிட்டார், பின்னணியில் பாலிகிராம் நிறுவனத்தின் பணம். முதலில் அமெரிக்காவில் வெளியிட்டு, அந்தப் பேச்சோடு பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். 30 லட்சம் பவுண்டுக்கும் குறைவான செலவில் எடுத்த படம், உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

பில்லி எலியட் (2000): இப்போது பின்னால் நிற்பது ஹாலிவுட்டின் யுனிவர்சல். பெரிய படங்களுக்கு நடுவே சின்னப் படங்கள் காணாமல் போய்விடாமல் இருக்க 'டபிள்யூ.டி.2' என்று தனிக்கிளை வைத்தார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகன் பாலே கற்கும் இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. பி.பி.சி. பணமும் இதில் உண்டு.

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை எடுத்து, பணம், விநியோகம், ரசிகர்கள் என மூன்றே வரி எழுதுங்கள். பிறகு, அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் திக்குகிறீர்களோ, அதை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

'அமெரிக்கப் பணத்தில் எடுத்தால் அது பிரிட்டிஷ் படமா?' என்ற கேள்விக்கும் தயாராக இருங்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால், பிரிட்டிஷ் கதை உலகம் முழுக்கப் போய்ச் சேர்வது கடினம். அதே பணம், அமெரிக்கர்களுக்கும் பிடிக்கிற மாதிரி கதையைக் கேட்கும். இரண்டையும் சொல்லி, உங்கள் முடிவையும் எழுதுங்கள்.

இந்த நிறுவனத்தின் 'எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்' (2007) படத்தை இயக்கியவர் நம் சேகர் கபூர். கிரெய்க் ஆம்ஸ்ட்ராங்குடன் சேர்ந்து இசையமைத்தவர் நம் ஏ.ஆர்.ரஹ்மான்!

அடுத்த முறை படம் போட்டதும் வரிசையாக வரும் லோகோக்களை ஓட்டிவிடாதீர்கள். பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது.