படியாள் இருந்த ஊர்

1916இல் தென்னாற்காடு மாவட்டத்து இருவேல்பட்டில் ஒரு படியாளுக்கு, அதாவது கடனுக்குக் கட்டுப்பட்ட பண்ணையாளுக்கு, கல்யாணம் என்றால், அந்தக் கல்யாணச் செலவு அவன் பிள்ளை தலையெடுத்த பிறகும் தீராது. நிலக்காரரிடம் கடன் வாங்குவான். ஈடாக வைக்க அவனிடம் உழைப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. அந்தக் கடன் அடைபட்டதாகச் சரித்திரமே கிடையாது. அப்பன் கண்ணை மூடினால் மகன் தலையில் இறங்கும். நிலத்தை விற்றால் வாங்கியவரிடம் படியாளும் போய்ச் சேருவான். அளந்து போடுகிற தானியம்தான் கூலி. 'எவ்வளவு தருவீர்கள்' என்று கேட்கிற பேச்சுக்கே இடமில்லை.

இதையெல்லாம் அன்றே எழுதிவைக்க ஏற்பாடு செய்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர். இங்கிலாந்தில் பொதுநிலங்களுக்கு வேலி போட்டுக் குடியானவர்களைக் கூலிகளாக்கிய கதையை முன்பே ஒரு நூலாக எழுதியிருந்தார். அதனால்தானோ என்னவோ, இங்கே வந்ததும் உழைப்பவன் நிலைமை அவர் கண்ணில் பட்டது. தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, சொந்த ஊருக்குப் போய் நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். 1918இல் அது நூலாக வெளிவந்தது. அந்த ஊர்களுக்கு 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும், 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல்லும் மறுபடி போனார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எஸ். குஹனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். ஒரே ஊரின் கூலிக்காரர்களைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக விட்டுவிட்டாவது கவனித்த ஆவணம் உலகத்திலேயே அபூர்வம். நம் பொருளாதார மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது என் ஆதங்கம்.

2008இல் போனவர்கள் கண்ட இருவேல்பட்டு வேறு ஊர். படியாள் முறை ஒழிந்திருந்தது. ஊரில் நிறைய நிலத்தையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. பல வீடுகளுக்குச் சோறு போடுவது ஊருக்கு வெளியே கிடைக்கும் வேலைதான். இருவேல்பட்டு இன்று இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் எந்த நெடுஞ்சாலை நிறுத்தத்தில் வேண்டுமானாலும் காலையில் நின்று பாருங்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கோடு கொத்தனாரும் சித்தாளும் சென்ட்ரிங் ஆட்களும் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அவர்களுடைய தாத்தாக்களில் பலர் நிலக்காரரைக் கேட்காமல் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குக்கூடப் போயிருக்க மாட்டார்கள்.

கூலி எப்படி உயர்ந்தது? நிலம் வைத்திருப்பவர்களைக் கேட்டால், "இப்பல்லாம் ஆள் எங்கய்யா கிடைக்குது, ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் கெடுத்துடுச்சு" என்பார்கள். கெடுத்துவிட்டது என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் காரணத்தை அவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒரு கூலிக்காரி எந்தத் தொகைக்குச் சம்மதிப்பாள் என்பது, அன்று வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதைப் பொறுத்தது. படியாள் வீட்டில் எரியாது. அதனால் கொடுத்ததை வாங்கிக்கொண்டான். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அது தேவையான சட்டம்தான். ஆனால் பட்டினி கிடப்பவனைச் சட்டம் மட்டும் நிமிர்த்திவிடாது. 1982இல் சத்துணவு விரிவானபோது பிள்ளைகளின் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கவலை குறைந்தது. ரேஷன் அரிசி 2006இல் கிலோ இரண்டு ரூபாய்க்கும், 2008இல் ஒரு ரூபாய்க்கும் வந்து, 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை உறுதித் திட்டம் முதல் கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அன்று நாளுக்கு 80 ரூபாய்; 2025-26க்குத் தமிழ்நாட்டில் அறிவித்தது 336 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.

இவற்றோடு சாலையும் பஸ்ஸும் நகரத்துக் கட்டட வேலையும் சேர்ந்தபோது, 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்லும் வலு பிறந்தது. கூலி உயர்வின் தாய்வேர் அந்த வலுதான். நிலக்காரர் மனம் இளகி உயர்த்தவில்லை. விளைச்சல் பெருகிவிட்டதே என்று தானாகவும் உயரவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வந்தபோது இதே இருவேல்பட்டு மக்கள் நிவாரணம் கேட்டுத் தேசிய நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். கேட்கலாம், கேட்டுப் பெறலாம் என்ற எண்ணம் ஊருக்குள் வந்துவிட்டது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தலித் குடும்பங்கள் நிலக்காரர் பிடியிலிருந்து விடுபட்டனவே தவிர, நிலம் அவர்கள் கைக்குப் பெரிதாக வரவில்லை. ஆண்கள் வெளியே போக, நடவும் களையெடுப்பும் பெண்கள் தலையில் விழுந்தன. வேலை உறுதித் திட்டத்தில் சமக்கூலி பெறும் அதே பெண்ணுக்கு, தனியார் வயலில் ஆணைவிடக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். கட்டட வேலையில் கை உடைந்தால் மேஸ்திரி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தால் பெரிய காரியம். படித்த பிள்ளைகளின் நிலைமைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சித்தாள் வேலை பார்த்துப் படிக்கவைத்த அம்மாவின் மகன் பட்டத்தோடு வெளியே வந்தும், ஒப்பந்தத் தொழிலாளியாக, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடக்கூடிய வேலையில்தான் சேருகிறான். அடிமட்டத்திலிருந்து ஒரு படி ஏற நூறு ஆண்டு ஆயிற்று. அடுத்த படி, நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் உள்ள படி, இன்னும் எட்டவில்லை.

எட்டுமா என்பதை ஊருக்குப் போய் விசாரித்தால்தான் சொல்ல முடியும். மாநில சராசரியை வைத்து ஒரு தெருவின் கதையைச் சொல்லிவிட முடியாது. 1916இல் மாணவர்கள் கையில் இருந்தது கேள்வித்தாளும் பேனாவும்தான். இன்று நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். பேராசிரியர்களே, வரும் கோடை விடுமுறைக்கு அவர்களை அனுப்பும்போது ஸ்லேட்டர் கேட்டதுபோன்ற கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்கள்: இன்று கூலி எவ்வளவு, கடன் யாரிடம், அப்பா என்ன வேலை செய்தார், நீ என்ன செய்கிறாய்?