உங்களுக்குத் தெரியுமா? சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தோலில் தெரியும்போது

● சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் நிணநீர்க் கணுக்கள், நுரையீரல், கல்லீரல், எலும்பு ஆகியவற்றில்தான் போய்த் தங்கும். தோலுக்கு வருவது மிக அரிது. நூறு நோயாளிகளில் ஒருவருக்கு வந்தாலே அதிகம்.

● ஏன் இந்தப் பாகுபாடு? 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து விடை சொன்னார்: விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும்.

● புற்றுச்செல்கள் ரத்தம் வழியாகவோ நிணநீர் வழியாகவோ தோலை எட்டலாம். அறுவை சிகிச்சையில் சிந்தி, தழும்பிலேயே முளைப்பதும் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் வெட்டிய புற்றுக்கட்டியைப் பைக்குள் இட்டு வெளியே எடுப்பது இதைத் தவிர்க்கத்தான்.

● தோலுக்குப் பரவிய புற்று பெரும்பாலும் கெட்டியான, வலிக்காத முடிச்சுகளாகத் தெரியும். அபூர்வமாகப் பட்டையாகப் படர்ந்து அக்கி போலவும் இருக்கும். அக்கிதான் என்று காவி பூசிக் காத்திருந்தால் பொன்னான வாரங்கள் போய்விடும்.

● அமெரிக்காவின் ராச்செஸ்டரில், செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் பணியாற்றிய கன்னியாஸ்திரி மேரி ஜோசப், வயிற்றுப் புற்றுநோயாளிகள் சிலரின் தொப்புளில் முடிச்சு இருப்பதைக் கவனித்து டாக்டர் வில்லியம் மேயோவிடம் சொன்னார். மேயோ அதை 1928-இல் எழுதினார். 1949-இல் அந்த முடிச்சுக்கு மேரி ஜோசப்பின் பெயரே சூட்டப்பட்டது. சிறுநீர்ப்பைப் புற்றும் இப்படித் தொப்புளை எட்டலாம்: கருவில் சிறுநீர்ப்பையும் தொப்புளும் ஒரு குழாயால் இணைந்திருந்தவை. அதன் மிச்சம் நார் போல நமக்குள் இன்றும் இருக்கிறது.

● முடிச்சு எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு துண்டை வெட்டியெடுத்து பயாப்சி செய்து, கேட்டா-3 போன்ற புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள்.

● பரவிய நோய்க்கு என்ஃபோர்டுமாப் வெடோடின், பெம்ப்ரோலிசுமாப் மருந்துகளைச் சேர்த்துத் தர 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில், வழக்கமான கீமோ பெற்றவர்களில் பாதிப் பேர் 16 மாதங்களைக் கடந்தார்கள். இந்த மருந்துகளைப் பெற்றவர்களில் பாதிப் பேர் 31 மாதங்களைக் கடந்தார்கள். முதல் மருந்து குறிவைக்கும் நெக்டின்-4 புரதம் தோலிலும் உண்டு. ஆகவே சிகிச்சையின்போது தடிப்போ கொப்புளமோ வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

● சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகைபிடிப்பதே காரணம். முதல் அறிகுறி பெரும்பாலும், வலியே இல்லாமல் சிறுநீரில் வரும் ரத்தம். ஒருமுறை வந்து தானாக நின்றுவிட்டாலும் சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை முடித்தவர்கள், தோலில் புதிதாக எந்த முடிச்சு தென்பட்டாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.