வெள்ளை விழுந்த தோல்

பொட்டு இருந்த இடம்

சின்னம்மாவின் நெற்றி நடுவில் தோல் வெளிறியது. ஒட்டுப் பொட்டின் அதே வட்டம், அதே அளவு. சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் பெரிதாக வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தார். பிறகு போவதையே குறைத்துக்கொண்டார். "குட்டமாம்" என்று யாரோ சொன்ன சொல் ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது.

வெண்குட்டம் என்ற பெயரை முதலில் விடவேண்டும், வெண்புள்ளி என்றே சொல்லுவோம். குட்டம் என்பது தொழுநோய், அது கிருமியால் வருவது. அதன் படையில் பெரும்பாலும் தொடுவுணர்வு குறையும். மருந்தை ஒழுங்காக எடுத்தால் அதுவும் மாறிவிடும். வெண்புள்ளியில் உணர்வு அப்படியே இருக்கும். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும், ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதும் வீண்பழி.

நிறம் எங்கே போகிறது?

தோலுக்குக் கருமை தருவது மெலனின். அதை உண்டாக்கும் அணுக்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறாக அழிப்பதுதான் வெண்புள்ளி. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. சிலருக்குத் தைரொயிட் கோளாறும் கூடவே வரும். இரத்தம் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

சின்னம்மாவின் கதை வேறு. சில ஒட்டுப் பொட்டுகளின் பசையிலுள்ள ஒருவகை பீனோல் நிற அணுக்களைக் கொல்லும். செருப்பு வார், தலைமயிர்ச் சாயம் ஆகியவற்றாலும் இப்படி நேர்வதுண்டு. அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலையொன்றில் இறப்பர் கையுறை அணிந்தவர்களின் கைகள் வெளிறியதை 1939 இலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள்.

மந்தியும் கொரில்லாவும்

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல. இலங்கையின் சிங்கராஜக் காட்டுப் பக்கம் வெள்ளை உரோமத்தோடு ஊதாமுக மந்திகள் உண்டு. முகமும் கண்ணும் கறுப்புத்தான். கறுத்த மந்திகளோடு ஒரே கூட்டத்தில் திரிகின்றன. அது பிறவி நிறம், நோயல்ல.

பார்சிலோனா விலங்குக்காட்சிச்சாலையில் வாழ்ந்த 'ஸ்னோஃப்ளேக்' என்ற கொரில்லாவுக்கோ மெலனினே சுரக்கவில்லை. 1966 இல் ஆபிரிக்கக் காட்டில் பிடிபட்ட அது, 2003 இல் தோல் புற்றுநோயால் இறந்தது. அதன் பெற்றோர் நெருங்கிய இரத்த உறவு என்பதை 2013 இல் மரபணு ஆய்வு காட்டியது. மெலனின் எவ்வளவு பெரிய குடை என்பதை அந்த உயிரின் முடிவில் காண்கிறேன். பிறவியிலேயே நிறமில்லாத பிள்ளைகளை எங்கள் சித்திரை வெயிலில் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் விடாதீர்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் பிந்தாதீர்கள்

கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது பழைய வைத்தியம். அதிலுள்ள சோரலினை மருத்துவர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் ஒளியை அளந்து கொடுத்து. முற்றத்து உச்சிவெயிலுக்கு அளவில்லை, தோல் கொப்பளித்துவிடும்.

தோல் கிளினிக்கில் பூச்சு மருந்தும் தேவையானவர்களுக்குப் புறஊதா ஒளிச் சிகிச்சையும் உண்டு. முகம் நன்றாக இசையும். விரல்நுனியும் உதடும் பிடிவாதம் பிடிக்கும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வேளைக்குப் போனால் பலன் கூட.

சின்னம்மா ஒட்டுப் பொட்டை விட்டார், மருந்து பூசினார். சில மாதம் கழித்து வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை வட்டத்துக்குள், பூனைமயிர் ஒவ்வொன்றின் அடியிலும், ஊசிமுனையளவு கபிலப் புள்ளி.