அடைத்தாலும் திறந்துகொண்ட ஓட்டை

கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலும் நினைவகம் முழுவதும் தனக்கே சொந்தம் என்ற எண்ணத்தில்தான் ஓடுகிறது. அந்த எண்ணம் குலையாமல் பார்த்துக்கொள்வது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வேலை. லினக்ஸ் கெர்னல் நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கிறது. எந்தப் பக்கம் எந்த நிரலுக்கு உரியது, அதைப் படிக்க மட்டும் அனுமதியா, எழுதவும் அனுமதியா என்பதைப் பக்க அட்டவணையில் குறித்துவைக்கிறது. இந்தக் கணக்கில் விழும் பிழை ஒரு நிரலை முடக்குவதோடு நிற்காது; கணினியின் பாதுகாப்பையே குலைத்துவிடும். 2016-இல் வெளிச்சத்துக்கு வந்த ‘டர்ட்டி கௌ’ அத்தகைய பிழை. அதைத் திருத்த எத்தனை முறை முயல வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தால், கெர்னலில் கைவைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பது புரியும்.

ஒரே கோப்பைப் பத்து நிரல்கள் திறந்தால் கெர்னல் பத்துப் பிரதி எடுப்பதில்லை. நினைவகத்தில் உள்ள ஒரே பக்கத்தை எல்லாவற்றுக்கும் காட்டுகிறது. தனக்கென்று அதைத் திறந்த நிரல் ஒன்று அதில் எழுத முற்படும்போதுதான், அதற்கு மட்டும் ஒரு நகல் எடுத்துத் தருகிறது. ‘காப்பி-ஆன்-ரைட்’ எனப்படும் இந்த ஏற்பாடு நினைவகத்தைப் பெருமளவு மிச்சப்படுத்துகிறது. மூலப் பக்கத்தை யாரும் தொடக் கூடாது என்பதுதான் இதன் உயிர்நாடி.

டர்ட்டி கௌ அந்த உயிர்நாடியையே அறுத்தது. படிக்க மட்டுமே அனுமதி உள்ள பக்கத்திலும் எழுத கெர்னலில் ஒரு வழி உண்டு. பிழைதிருத்திக் கருவிகளுக்கு அது தேவைப்படுகிறது. அந்த வழியில் வரும் கோரிக்கையைக் கெர்னல் படிப்படியாக நிறைவேற்றும். முதலில் பக்கத்தை நகலெடுக்கும். நகல் தயாரானதும், கோரிக்கையோடு இருந்த ‘எழுத வேண்டும்’ என்ற குறியை நீக்கிவிட்டு, பக்கத்தை மறுபடி தேடும். நகல்தான் இருக்கிறதே, இனி எதில் எழுதினால் என்ன என்பது அதன் கணக்கு. இந்த இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள நொடிக்கும் குறைவான இடைவெளியில், அதே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு இழை (த்ரெட்) ‘இந்த நகல் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் கெர்னல் நகலைத் தூக்கி எறிந்துவிடும். அடுத்த தேடலில் பக்கம் இருக்காது. எழுதும் குறியும் போய்விட்டதால், படிக்கத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி மூலப் பக்கத்தையே எடுத்துக் கொடுக்கும். பிறகு எழுத்து விழுவது மூலத்தில். அந்த மூலம் நிர்வாகிக்கு மட்டுமே உரிய கோப்பு என்றால், சாதாரணப் பயனர் ஒருவர் அதை மாற்றி எழுதிக் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் படியும் தவறில்லை. விடுவித்த நினைவகத்தைத் தொடுவது, எல்லை தாண்டி எழுதுவது போன்ற பிழைகளைப் பிடிக்க ‘கேசன்’ என்ற சோதனைக் கருவி 2015 முதல் கெர்னலில் உண்டு. அதன் கண்ணில் இது படாது. ஒவ்வொரு படியும் செல்லுபடியான பக்கத்தைத்தான் தொடுகிறது. பிழை படிகளின் வரிசையில் இருக்கிறது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதே சிக்கலை 2005-இலேயே கண்டு ஒரு திருத்தம் எழுதியிருந்தார். ஐபிஎம் நிறுவனத்தின் எஸ்390 பெருங்கணினிகளில் அது ஒத்துவராததால் திரும்பப் பெறப்பட்டது. பக்கத்தில் எழுதப்பட்டதா என்பதைக் காட்டும் ‘டர்ட்டி’ குறியை அந்தக் கணினிகள் அப்போது பக்க அட்டவணையில் வைத்திருக்கவில்லை. நடைமுறையில் நிகழவே நிகழாது என்று தோன்றியதால் விட்டுவைக்கப்பட்ட அந்த இடைவெளி, பல ப்ராசசர்கள் ஒரே நேரத்தில் ஓடும் கணினிகள் பெருகப் பெருக எளிதில் எட்டக்கூடியதாயிற்று. 2007-இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே பாதிப்பு இருந்தது.

தன் சர்வருக்கு வரும் இணையப் போக்குவரத்தைப் பதிவு செய்துவந்த பில் ஓஸ்டர் என்பவர், இந்த ஓட்டை வழியான தாக்குதலுக்கு ஏற்கெனவே பயன்பட்டுவந்த நிரலை அந்தப் பதிவிலிருந்து மீட்டெடுத்தார். 2016 அக்டோபரில் டோர்வால்ட்ஸ் எழுதிய திருத்தம் சில வரிகள்தான். எழுதும் குறி இனி நீக்கப்படாது. அதற்குப் பதில், நகல் எடுத்தாயிற்று என்பதைச் சொல்ல ‘ஃபோல்_கௌ’ என்ற புதிய குறி. அந்தக் குறி இருந்து, பக்கமும் ‘டர்ட்டி’ என்று காட்டினால் மட்டுமே எழுத விட வேண்டும். எஸ்390 சிக்கல் அதற்குள் தீர்ந்திருந்தது. அக்டோபர் 20 அன்று 4.8.3, 4.7.9, 4.4.26 பதிப்புகள் வெளிவந்தன.

ஆனால் கெர்னல் திருத்தப்பட்ட அன்றே எல்லாக் கைப்பேசிகளும் திருந்திவிடுவதில்லை. தயாரிப்பாளர் அதைத் தன் ஆண்ட்ராய்டு பதிப்பில் சேர்த்து அனுப்ப வேண்டும். 2017 செப்டம்பரில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டறிந்த ‘ஸ்நியூ’ என்ற ஆண்ட்ராய்டு தீநிரல் இதே ஓட்டையைத்தான் பயன்படுத்தியது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள்.

திருத்தமும் முழுமையாக இல்லை. ‘டர்ட்டி’ என்றால் நகல் என்றே பொருள் என்பதை அது நம்பியிருந்தது. பெரிய பக்கங்களைக் கையாளும் பகுதியில், நகல் எடுக்காமலேயே அந்தக் குறி விழ வழி இருந்தது 2017 நவம்பரில் தெரியவந்தது. பாதிப்பின் வீச்சு முன்பைவிடக் குறைவு. என்றாலும் மறுபடி ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. 2022-இல் பகிர்வு நினைவகப் பகுதியில் இதே நம்பிக்கை இன்னொரு வழியாக உடைந்தது. புதிய வசதி ஒன்று, பகிர்ந்த பக்கத்தையே ‘டர்ட்டி’ என்று குறித்து அட்டவணையில் ஏற்றியது. அந்த வசதியை எழுதியவர்கள் விதி எதையும் மீறவில்லை. குறி ஒன்றின்மேல் வேறோர் இடத்தில் எவ்வளவு பெரிய பொறுப்பு ஏற்றப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் பார்த்த பகுதியில் எங்கும் தெரியாது.

இம்முறை திருத்தத்தை எழுதிய டேவிட் ஹில்டன்பிராண்ட், டர்ட்டி குறியைக் கேட்பதையே நிறுத்தினார். அதே ஆண்டு கெர்னலில் அவர் சேர்த்திருந்த வேறொரு குறி, ஒரு பக்கம் இந்த ஒரு நிரலுக்கு மட்டும் தனியுரிமையாக உள்ள நகலா என்பதை நேரடியாகச் சொல்கிறது. அனுமதியில்லாத பக்கத்தில் எழுதும் கோரிக்கை வந்தால், கெர்னல் இப்போது பார்ப்பது அதைத்தான். தேவையற்றுப்போன ஃபோல்_கௌ நீக்கப்பட்டது.