சுமைப்பொழுதில் கணினி எழுப்பும் ஒலிகள்: வகையும் தோற்றுவாயும்

அதிர்வே ஒலியின் பிறப்பிடம். நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 முறை வரை நிகழும் அதிர்வைக் காற்று ஏந்திவர, செவி அதனை ஒலியென உணர்கிறது. மேசைக் கணினியின் பெட்டிக்குள் அதிர்வை முதலில் தோற்றுவிப்பவை மூன்று: சுழலும் உறுப்புகள், அவற்றால் உந்தப்படும் காற்று, மாறும் மின்னோட்டத்தைத் தாங்கும் மின்னுறுப்புகள். தளர்ந்த திருகும் மெல்லிய தகடும் இவற்றின் அதிர்வை வாங்கிப் பெருக்குவனவே.

கேரள–தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில் மணவிழாக் காட்சிகளைத் தொகுக்கும் இளைஞர், தொகுப்பு முடிந்து முழுப்படமாக மாற்றும் பணியைக் கணினிக்கு இடுவர். செயலி தன் முழு ஆற்றலோடு இயங்கும் அந்நிலையே சுமைநிலை. சுமை ஏறும்போது கணினிக்குள் மூன்று மாற்றங்கள் ஒரு நிரலாக நிகழ்கின்றன. செயலி ஈர்க்கும் மின்னோட்டம் அக்கணமே உயர்கிறது. வெப்பம் அதனைப் பின்தொடர்ந்து ஏறுகிறது. வெப்பமானியின் அளவீட்டைக் கொண்டு விசிறி இறுதியில் விரைகிறது. வன்தட்டின் சுழற்சி விரைவோ சுமைக்கேற்ப மாறுவதில்லை. ஆகவே விந்தையான ஒலி எதுவாயினும், அது மின்னோட்டத்தைத் தொடர்கிறதா, வெப்பத்தைத் தொடர்கிறதா, இரண்டையும் தொடராது நிற்கிறதா என்பதே முதல் வினா. ஒலி எப்படி இருக்கிறது என்பதினும் அது எப்போது தொடங்குகிறது என்பதே அதன் தோற்றுவாயைத் தெளிவாகக் காட்டும்.

வெப்பத்தைத் தொடரும் ஒலி விசிறியினது. மணித்துளிக்கு 1,500 முறை சுழலும் விசிறி நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதற்கு ஏழு இதழ்கள் இருப்பின், நொடிக்கு 175 அதிர்வுடைய முரல்வு எழும். விரைவு இருமடங்கானால் காற்றொலி ஏறத்தாழ 15 டெசிபல் உயரும். சீரான இரைச்சல் வெப்பம் வெளியேறாமையையும், கரகரப்பு தாங்கியில் உயவுநெய் வற்றியமையையும், விரைவுக்கேற்ப நெருங்கிவரும் தட்டொலி இதழில் கம்பி உரசுவதையும் குறிக்கும். குறிப்பிட்டவொரு விரைவில் மட்டும் பெட்டி முழுதும் அதிர்ந்து, அவ்விரைவைக் கடந்ததும் அடங்குமாயின், அது ஒத்ததிர்வு. திருகுகளை இறுக்கி, விசிறியின் அடியில் ரப்பர் மெத்தை இட்டால் தணியும். இரு பருவமழைகளும் நனைக்கும் இவ்வூர்களில், கடலோரக் காற்றின் ஈரமும் செம்மண் புழுதியும் சேர்ந்து வெப்பந்தணிப்பியின் தகட்டிடுக்குகளில் அப்பிக்கொள்கின்றன. காற்றின் வழி குறுக, வெப்பம் தேங்க, விசிறி ஓயாது விரைகிறது. இங்கு மாற்ற வேண்டுவது விசிறியன்று. நீக்க வேண்டுவது புழுதியே. அவ்வாறு ஊதித் துடைக்கும்போது விசிறியைக் கையால் நிறுத்திக்கொள்க. ஊதுகாற்றால் அளவிறந்து சுழன்றால் தாங்கி கெடும்.

மின்னோட்டத்தைத் தொடரும் ஒலி தூண்டுசுருளினது. காந்தப்புலத்தில் இரும்பின் நீளம் நுண்ணளவில் மாறுவதை ஜேம்ஸ் ஜூல் 1842-இல் அறிவித்தார். செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் சுருள்களின் உள்ளகமும் அவ்வாறே நுண்ணளவில் நீண்டு சுருங்குகிறது. கம்பிச் சுற்றுகளும் காந்த விசையால் அசைகின்றன. அச்சீராக்கியின் நிலைமாற்றம் நொடிக்குப் பல நூறாயிரம் முறை நிகழ்வதால் செவிக்கு எட்டாது. ஆனால் பணியின் ஏற்றத் தாழ்வுக்கேற்ப மின்னோட்டம் நொடிக்குச் சில நூறு அல்லது சில ஆயிரம் முறை ஏறி இறங்கும்போது, அத்துடிப்பு கீச்சொலியாகிறது. பணியைத் தொடங்கிய நொடியில் பிறந்து, நிறுத்திய நொடியில் மறைவதே இதன் அடையாளம். இவ்வொலி தனித்து எழுமாயின் பொதுவாகத் தீங்கற்றது; திரைக்கு நொடிதோறும் அனுப்பும் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டால் பெரும்பாலும் குறையும்.

இரண்டையும் தொடராத ஒலிகளுள் தலையாயது வன்தட்டினது. மணித்துளிக்கு 7,200 முறை சுழலும் தட்டு, நொடிக்கு 120 அதிர்வுடைய மெல்லிய முரல்வை எழுப்பும். படிப்பு முனை தன் தடத்தைக் காணாது மீண்டும் மீண்டும் திரும்பும்போது ஒரே சீரான சொடுக்கொலி கேட்கும். அஃது ஆய்வுக்குரிய பொழுதன்று. கோப்புகளை உடனே வேறிடத்தில் படியெடுத்துக் காக்க வேண்டிய பொழுது. மேசையடியில் உள்ள மின்னழுத்த நிலைப்படுத்தியின் உறுமலோ நொடிக்கு 100 அதிர்வுடையது. நம் நாட்டு மாறுமின்னோட்டம் நொடிக்குச் சுற்றும் 50 சுற்றுகளில், சுற்றுக்கு இருமுறை உள்ளகம் விரிந்து சுருங்குவதால் அது பிறக்கிறது.

ஆய்வு நெறி எளிது: ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுக. செயலிக்கு மட்டும் சுமை தருக. பின் வரைகலை அட்டைக்கு மட்டும். பின் வன்தட்டுக்கு மட்டும். சுமையின்றியே விசிறியின் விரைவை அமைப்புப் பட்டியலில் உயர்த்திப் பார்க்க. ஒலி எழும் இடத்தை அறியத் தாளைக் குழலாகச் சுருட்டிச் செவியில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் பக்கங்களில் நகர்த்துக. பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1816-இல் நோயாளியின் நெஞ்சொலியைத் தாள்சுருள் கொண்டே கேட்டார். மின்வழங்கியின் கூட்டை மட்டும் எவரும் திறத்தல் ஆகாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிர்கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

மாநில எல்லைகள் மாற்றி வகுக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று, அண்டை வட்டமான விளவங்கோடு தமிழகத்தோடு சேர, மேற்சொன்ன சிற்றூர்களின் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் தமிழ் பேசும் வீடுகளில் இன்று ஒரே வகைக் கணினிகள் ஒரே இயற்பியலுக்கு அடங்கி ஒலிக்கின்றன. அவ்வொலியை மின்னோட்டம், வெப்பம், சுழற்சி என வகுத்தறியும் அறிவைத் தாய்மொழியிலேயே பெறும் மாணவன், ஐயத்தின்பேரில் உறுப்புகளை விலைகொடுத்து மாற்றான். காரணம் அறிந்து பழுது நீக்குவான். இல்லத்துக் கருவியைப் பழுது நீக்கும் பொழுதே அவன் இயற்பியலும் கற்கிறான். அக்கல்விக்கு வேண்டிய சொல்லும் தெளிவும் தமிழில் நிறைய உள. அவற்றைப் பட்டறைக்கும் பள்ளிக்கும் கொண்டு சேர்ப்பது எழுதுவோர் கடன்.