தோட்டத்தின் பெயர் தெரிந்த காப்பி

அயலூர்ப் பிரயாணம் போகிறவர்களில் கோயிலையும் கோட்டையையும் தேடிப் போகிறவர்களே பெரும்பான்மையோர். என்றாலும், விடுதியில் பெட்டியை வைத்த கையோடு, இவ்வூரில் காப்பிக் கொட்டையைத் தாமே பார்த்து வாங்கி, தாமே வறுத்து, கேட்டவர் முன்னிலையிலேயே அரைத்து இறக்கித் தருகிற கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் புறப்படுகிற கூட்டம் ஒன்றும் சமீப காலமாக உலகெங்கும் பெருகி வருகிறது. டோக்கியோவானாலும் ஆஸ்லோவானாலும் பெங்களூரானாலும், அத்தகைய கடையின் பட்டியலில் விலைக்கு முன்னால் ஒரு தேசத்தின் பெயரும், அந்தத் தேசத்தில் ஒரு மலையின் பெயரும், பெரும்பாலும் அந்த மலையில் ஒரு தோட்டத்தின் பெயரும் காணப்படும். குடிக்கிற காப்பி எந்த மண்ணில் விளைந்தது என்பதைச் சொல்லிவிட்டுக் கொடுக்கும் இந்த வழக்கமே அந்தக் கடைகளின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம். பளபளக்கும் யந்திரங்களும் மர நாற்காலிகளும் வெறும் அலங்காரம்.

இத்தகைய காப்பிக்கு ஸ்பெஷாலிட்டி காப்பி என்று வியாபார உலகம் வழங்கும் பெயரை, 1974-ஆம் ஆண்டில் ஒரு வர்த்தகப் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் எடுத்தாண்டு நிலைபெறச் செய்தவர் எர்னா க்னூட்ஸன் என்ற மாது. நார்வேயில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காப்பிக் கம்பெனியில் காரியதரிசியாக இருந்தார். கொட்டையைச் சுவைத்துத் தரம் காணும் அறைக்குள் ஒரு பெண் வருவதாயிருந்தால் நாங்கள் வேலையை விட்டுப் போய்விடுவோம் என்று அங்கிருந்த ஆடவர்கள் ஆட்சேபித்த காலம் அது. அந்த ஆட்சேபத்தையும் கடந்து உள்ளே போய், நாவைப் பழக்கிக்கொண்டு, பெரிய வியாபாரிகள் சீந்தாத சிறு சரக்குகளைச் சிறிய வறுவல்காரர்களுக்கு விற்கத் தொடங்கினார் அவர். ஒரு பிரதேசத்தின் மண்ணும் சீதோஷ்ணமும் கொட்டைக்குக் கொடுக்கிற தனிக்குணத்தை மற்றச் சரக்கோடு கலந்து கெடுக்கலாகாது என்பது அவருடைய கொள்கை.

இப்போது அந்தப் பெயருக்கு ஓர் அளவுகோலும் உண்டு. பொடியைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிஷம் ஊறவிட்டு, மேலே படிந்திருக்கும் பொடி ஆடையைக் கரண்டியால் விலக்கும்போது எழுகின்ற ஆவியை முகர்ந்து, சற்று ஆறியபின் கரண்டி கரண்டியாக உரத்த சத்தத்தோடு உறிஞ்சி, வாசனை, புளிப்பு, இனிப்பு, தொண்டையில் தங்கும் ருசி என்று தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். நூற்றுக்கு எண்பதும் அதற்கு மேலும் பெற்ற கொட்டைக்கே அந்தப் பட்டம் உரியது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. உறிஞ்சுகிற சத்தம் அநாகரிகமாகத் தோன்றலாம். காப்பியைத் துளிகளாகச் சிதறடித்து நாக்கு முழுவதும் பரப்புவதற்கும், அதன் வாசனையை மூக்கின் பின்புறத்துக்கு ஏற்றுவதற்கும் அதைவிட நல்ல உபாயம் கிடையாது.

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் ஜின்ஸா வட்டாரத்தில் கஃபே டு லாம்ப்ர் என்ற பழைய கடையைப் பாராமல் திரும்பக் கூடாது. யுத்தத்தில் தேசம் நொறுங்கிக் கிடந்த நாளில், 1948-இல், இச்சிரோ செகிகுச்சி என்பவர் அதைத் தொடங்கினார். நூறு வயதைத் தாண்டியும் கடைக்கு வந்து கொட்டை வறுத்துக்கொண்டிருந்த அவர், 2018-இல் தம்முடைய 103-ஆம் வயதில் காலமானார். காப்பி மாத்திரமே கிடைக்கும் கடை என்று பெயர்ப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே காப்பி இறக்குகிற விதத்தை முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கம்பி வளையத்தில் தைத்த ஃபிளானல் துணிப்பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதிலுள்ள பொடியின் நடுவில், நீண்டு மெலிந்த மூக்குடைய கெண்டியிலிருந்து நூலிழையாக வெந்நீரை வார்க்கிறார்கள். பொடி மெல்லப் பொங்கி மேடாகிறது. வார்க்கிற கை அவசரப்பட்டால் மேடு உடைந்துவிடும் என்பதனால், பேச்சை நிறுத்தி, மூச்சையும் அடக்கினாற்போல நின்று வார்க்கிறார்கள். நம் வீட்டுப் பில்டரில் வெந்நீரை ஊற்றி மூடிவிட்டால் டிகாக்ஷன் தன்பாட்டில் இறங்கிக்கொள்ளும். இங்கேயோ இறங்குகிற ஒவ்வொரு சொட்டுக்கும் கையே பொறுப்பாகிறது. காகித வடிகட்டி கொட்டையின் எண்ணெய்ப் பசையைத் தடுத்துவிடும். துணி அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆகவே அந்தக் காப்பி கனமாகவும் வழுவழுப்பாகவும் நாவில் இறங்குகிறது. பல வருஷங்கள் பழக வைத்த கொட்டைகளையும் அங்கே வறுக்கிறார்கள் என்பது வேறெங்கும் காண்பதற்கு அரிய விசேஷம். ஜப்பானியரின் சிரத்தைக்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது.

அங்கிருந்து ஆஸ்லோவுக்குப் போனால் காப்பியே நிறம் மாறிவிடும். 2004-இல், காப்பி இறக்கித் தருவோருக்கான உலக பரிஸ்டா பட்டத்தை வென்ற டிம் வெண்டல்போ, 2007-இல் க்ருனெர்லொக்கா பகுதியில் தொடங்கிய சின்னஞ்சிறு கடையில் கொட்டையை இளம்பழுப்பாக மட்டுமே வறுக்கிறார்கள். கோப்பையில் வந்து சேர்வது தேநீர் நிறத்தில் தெளிந்திருக்கும். நம்மவர் அதை முதல் வாய் பருகியதும் முகம் சுளிப்பது சகஜம். ஏனெனில், கசப்பையே காப்பியின் லட்சணமாகப் பழகிய நாக்குக்கு அதிலுள்ள புளிப்பு புதிது. காப்பி ஒரு பழத்தின் விதை. உயர்ந்த மலைகளின் குளிரில் நிதானமாகப் பழுக்கும் பழத்தின் விதையில் அமிலங்களும் இனிப்பும் செறிந்திருக்கும். கருக வறுத்தால் அவை அழிந்து, எல்லா மலைச் சரக்கும் ஒரே கசப்பாகிவிடும். இளவறுவலில் அவை தங்குவதனால்தான் எத்தியோப்பியாவின் யிர்கச்செஃபேக் கொட்டையில் எலுமிச்சையும் மல்லிகையும் மணப்பதாகச் சொல்லுகிறார்கள்; அது மிகையன்று. சூடு தணியத் தணிய அந்த மணம் வெளிப்படும். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவருக்கு அது கிட்டாது.

மெல்போர்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியக் குடியேறிகள் 1950-களில் கொண்டுவந்த எஸ்பிரஸோ யந்திரமும், பாலைப் பட்டுப்போல் பக்குவப்படுத்தும் கைத்திறனும் அந்நகரத்தாரின் நாக்கை முன்பே தேற்றிவிட்டன. 2008-இல் ஸ்டார்பக்ஸ் ஆஸ்திரேலியாவில் தனக்கிருந்த 84 கடைகளில் 61-ஐ மூட நேர்ந்தபோது, உள்ளூர்க் காப்பியின் தரமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

தோட்டத்தின் பெயரைச் சொல்லி விற்கும் வழக்கம் எங்கும் எளிதில் வந்துவிடவில்லை. காப்பியின் தாயகமாகிய எத்தியோப்பியாவிலேயே, 2008-இல் அரசாங்கம் ஒரு பண்டச் சந்தையை ஏற்படுத்தியபோது, பல ஊர்ச் சரக்குகளும் தரவாரியாக ஒன்றாகக் கலக்கப்பட்டு, விளைவித்தவனின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. 2017-இல்தான் விதிகள் தளர்ந்தன. நம் தேசத்தின் கதை அதைவிட நீண்டது. 1942-ஆம் வருஷத்துச் சட்டப்படி தோட்டக்காரர்கள் தங்கள் மகசூலைக் காப்பி போர்டின் பொதுக் குவியலுக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் விலை சரிந்து அவர்கள் அழிந்துவிடாமல் காத்த ஏற்பாடு அது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், சிரத்தையோடு பழம் பறித்தவன் கொட்டையும் அலட்சியமாகப் பறித்தவன் கொட்டையும் ஒரே குவியலில் போய் விழும்போது, சிரத்தை எடுப்பவனுக்கு என்ன உற்சாகம் இருக்கும்? தொண்ணூறுகளில் படிப்படியாகத் தளர்ந்த அந்தக் கட்டு 1996-இல் முற்றும் நீங்கியதன் பலனைத்தான் இன்று பெங்களூரில் காண்கிறோம்: தோட்டத்தின் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம், செலக்ஷன் 795 அல்லது செலக்ஷன் 9 என்று ரகத்தின் பெயர், வறுத்த தேதி ஆகிய யாவும் கால் கிலோப் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருக்கின்றன.

நம் ஊர்ப் பொடிக்கடையில் பாதி பீபெரி, பாதி பிளான்டேஷன் ஏ என்று கேட்டு வாங்குகிறோம். பீபெரி என்பது பழத்துக்குள் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை. பிளான்டேஷன் என்பது கழுவிப் பதம் செய்த அராபிகா. ஏ என்பது பருமனின் அளவு. இவற்றில் எதுவும் அந்தக் கொட்டை ஏற்காட்டில் விளைந்ததா, பழனி மலையில் விளைந்ததா, சிக்கமகளூரில் விளைந்ததா என்பதைச் சொல்வதில்லை. சேலத்துக்கு மேலேயே காப்பி விளைய, சேலத்தில் குடிக்கிறவருக்கு அதன் பெயர் தெரியாமலிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே வாசகர்களை இரண்டு காரியங்கள் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பெங்களூருக்கோ வேறு பட்டணத்துக்கோ போகும்போது இத்தகைய கடை ஒன்றில் அமர்ந்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், அப்போதே வடித்த காப்பி ஒரு கோப்பை வாங்கி, ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். ஊருக்குத் திரும்பி வந்ததும், வழக்கமாக வாங்கும் பொடிக்கடையில், இது எந்த மலைக் கொட்டை, எப்போது வறுத்தது என்று தவறாமல் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விசாரித்து வைப்பார். நூறு பேர் கேட்டால் பலகையில் எழுதி மாட்டிவிடுவார்.