கடிகாரத்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று

சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரிக் கட்டை கேட்டால், கடைக்காரர் இரண்டு விலையில் எடுத்து வைக்கிறார். விலை கூடினதுதான் நல்லது என்று வாங்கி வந்துவிடுகிறோம். ஆனால் கடிகாரத்தின் பசி மிகச் சின்னது. நொடிக்கு ஒருமுறை முள்ளை நகர்த்தினால் போதும். சராசரியாக ஒரு மில்லிஆம்பியரில் சிறு பகுதிதான் செலவு. மலிவான துத்தநாக-கார்பன் கட்டையே ஏறக்குறைய ஒரு வருஷம் ஓட்டிவிடும்.

அதே கட்டையைக் குழந்தையின் ரிமோட் காரில் போட்டால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கட்டையின் வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகத் தகடுதான் அதன் எதிர்முனை. தகட்டின் உள்பரப்பில் மட்டுமே வேதிவினை நடக்கிறது. வேகமாக மின்சாரம் உறிஞ்சினால் வினையில் உண்டான பொருட்கள் அங்கேயே தேங்கி, வோல்டேஜ் விழுந்துவிடும். இறங்கிய டார்ச் கட்டையை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்களே, அது மூடநம்பிக்கை அல்ல. புதிதாகச் சார்ஜ் ஏறுவதில்லை. ஓய்வும் சூடும் சேர்ந்து அந்தத் தேக்கத்தைக் கலைக்கின்றன, மிச்சமிருந்தது வெளியே வருகிறது.

விலை கூடிய ஆல்கலைன் கட்டையிலும் துத்தநாகமும் மாங்கனீஸ் டை ஆக்சைடும்தான். ஆனால் துத்தநாகம் பொடியாகி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பொடிக்குப் பரப்பு அதிகம். பொம்மைக் காருக்கு இதுதான் சரி. வாரத்துக்கு இரண்டு செட் தீர்க்கிற வீடென்றால், ரீசார்ஜ் ஆகும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு இன்னும் லாபம்.

வேலைக்கேற்ப மாறும் இந்த வித்தியாசம் ஈய-அமில பேட்டரியில் இன்னும் அப்பட்டம். 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே செய்தது. இன்றும் காரிலும் இன்வெர்ட்டரிலும் அதன் வாரிசுகள்தான். இரண்டும் 12 வோல்ட், இரண்டிலும் ஈயம், கந்தக அமிலம். ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கக் கூடாது. சாவியைத் திருப்பும் ஓரிரு நொடியில் கார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிறகு ஓடும் எஞ்சினே பேட்டரியை நிரப்பிவிடும். அதற்காக மெல்லிய தகடுகள் நிறைய அடுக்கியிருப்பார்கள். இன்வெர்ட்டரோ, கரண்ட் போனால் மணிக்கணக்கில் ஃபேனையும் விளக்கையும் தாங்கி, அடிவரை இறங்க வேண்டியது. அதனால்தான் ஈயக் கம்பிகளைச் சுற்றிக் குழாய்களில் வேதிப்பொருளை அடைத்த டியூபுலர் வகை. கார் பேட்டரியை அப்படி அடிக்கடி இறக்கினால் தகட்டிலிருந்து பொருள் உதிரும், ஈய சல்பேட் கெட்டிப்படும். கொஞ்ச நாளில் மெக்கானிக் சொல்வார்: “செல்ஃப் எடுக்காது சார், மாத்திடுங்க.”

1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன், எடையில் ஈயத்தைத் தோற்கடித்துவிட்டது. செல்போன் மெலிந்ததும் மின்சார ஸ்கூட்டரின் எடை குறைந்ததும் அதனால்தான். விலையில் இன்னும் ஈயத்துக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. பழையதைக் கொடுத்தால் புதியதில் கழித்துக்கொள்வதும் அதில் இருக்கும் ஈயத்துக்காகத்தான். தகராறெல்லாம், அதைக் கண்ட இடத்தில் உடைத்து உருக்கும்போது மண்ணிலும் பிள்ளைகளின் ரத்தத்திலும் ஈயம் கலப்பதில்தான்.

கவனமாக இருக்க வேண்டிய இன்னொன்று, கார் சாவியிலும் ஒளிரும் பொம்மையிலும் இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பட்டன் செல். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத் திசு வழியாக மின்சாரம் ஓடிக் காரம் உண்டாகும்; இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமாக வெந்துவிடலாம். சாவிக்கு உதவாத அளவுக்கு இறங்கிய செல்லும் இதைச் செய்யும். வாந்தி எடுக்கவைக்க முயலாமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.